கீபோர்டு பாய்க்கு வராத சத்தம்

அவரைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பேசுகிறவர்கள் யாரும் அவரோடு ஒரே வேனில் கச்சேரிக்குப் போனவர்கள் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு மேடையில் நிற்பார்கள். வீடியோக்காரர் விளக்கைப் போட்டிருப்பார். நான் மைக்கைப் பிடித்து முதல் வரிக்கு மூச்சு இழுத்திருப்பேன். அப்போது பக்கத்திலிருந்து "ஒரு நிமிஷம் தங்கச்சி" என்று குரல் வரும். இழுத்த மூச்சை என்ன செய்வது? வெளியே விட்டுவிட்டுச் சிரித்த முகமாக நிற்க வேண்டியதுதான். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏதோ ஒரு திருகைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்குள் பெண்ணின் சித்தப்பா மூன்று தடவை மேடை ஏறி இறங்கிய கல்யாணமெல்லாம் உண்டு.

எங்கள் மெல்லிசைக் குழு நாகப்பட்டினத்தில் இருந்தது. கிதார் வாசித்த செல்வராசு அண்ணன்தான் குழுவை நடத்தினார். நான் பெண் குரல். இவர் கீபோர்டு. ஊரில் கீபோர்டு பாய் என்பார்கள், நாங்கள் பாய் என்போம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். டீ கொடுத்தால் குடிப்பதற்கு முன்னால் கிளாஸை நகத்தால் தட்டிக் கேட்பார். பாதி குடித்ததும் இன்னொரு தட்டு. "சத்தம் ஏறிடுச்சு பாரு" என்பார். டீ ஆறிப்போனது பற்றி அவருக்குக் கவலை இல்லை.

வீடு நாகூரில். வளைகுடாவில் சில வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் மனைவியை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். லாத்தாவுக்கு என்னைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"இந்தத் தெருவுல எல்லா வீட்டு ஆம்பளையும் தங்கம் கொண்டாந்தாங்க, டேப்ரிக்கார்டர் கொண்டாந்தாங்க. எங்க வீட்டுக்கு சுவிட்சுப் பொட்டி வந்துச்சு. அதுக்குத் தனியா ஒரு கட்டிலு வேற!"

அந்த சுவிட்சுப் பெட்டிதான் சிந்தசைசர். மற்றக் குழுக்களில் இருந்ததும் பார்க்க இதே மாதிரிதான். ஒரு பொத்தானை அமுக்கினால் பியானோ, அடுத்ததை அமுக்கினால் வயலின், அதற்கடுத்து புல்லாங்குழல். கம்பெனிக்காரனே எல்லாவற்றையும் உள்ளே வைத்து அனுப்பியிருப்பான். வாசிக்கிறவர் அமுக்கினால் போதும். எங்கள் பாய் வாங்கிய முதல் வாரத்திலேயே அத்தனையையும் அழித்துவிட்டார். ஏன் பாய் என்று செல்வராசு அண்ணன் அழாத குறையாகக் கேட்டதற்கு, "எங்கேயோ இருக்கிறவன் காதுக்குப் பிடிச்ச வயலினை நான் எதுக்கு நாகப்பட்டினத்துல வாசிக்கணும்?" என்றார்.

ஆக, எங்களுக்கு எல்லாச் சத்தத்தையும் அவர் புதிதாகச் செய்தாக வேண்டும். எப்படிச் செய்வது என்பதை நான் கேட்காமலே எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் நான் சாப்பிடும்போது. "எந்தச் சத்தமா இருந்தாலும் அதுக்கு நாலு காலம். எழும்பும், தணியும், நிக்கும், அடங்கும். கோயில் மணியைப் பாரு, எழும்பறதே உச்சத்துல. ஆனா அடங்க நேரம் எடுக்கும். வயலினு மெதுவா எழும்பும், வில்லை எடுத்தா அடங்கிடும். இந்த நாலையும் சரியா வச்சா பாதி வேலை முடிஞ்சுது." மீதிப் பாதிக்கு மதகு. இயந்திரத்திலிருந்து சத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி முழுசாக வருமாம். ஒரு திருகைத் திருப்பினால் மதகை இறக்கின மாதிரி மேல்சத்தம் நின்றுபோய் அடிச்சத்தம் மட்டும் போகுமாம். "மதகை எவ்வளவு இறக்கறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு தங்கச்சி." நான் ரசத்துக்குக் கையை நீட்டுவேன்.

ஒரு கட்சி மாநாட்டுக்குப் போயிருந்தோம். தலைவர் மேடை ஏறும்போது முரசு முழங்க வேண்டும் என்று மாவட்டத்துக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ரொம்பச் சின்ன வேலை. "முரசுன்னா எந்த முரசு? காய்ஞ்ச தோலா, ஈரத் தோலா?" என்று பாய் கேட்டார். கரைவேட்டி கட்டியவர் திருதிருவென்று விழித்தார். "போர் முரசுங்க" என்றார். "போருக்குப் போறப்பவா, ஜெயிச்சு வர்றப்பவா?" தலைவர் வந்தார், மாலை போட்டார்கள், பேசினார், போனார். கூட்டம் கலைந்து, கொடிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இடி மாதிரி ஒரு முரசு முழங்கிற்று. கொடி அவிழ்த்தவர்கள் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "இப்பத்தான் வந்துச்சு" என்று பாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார். செல்வராசு அண்ணன் அந்த மாவட்டத்துக்காரர்களைப் பார்த்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போவார், பல வருஷத்துக்கு.

இன்னொரு தடவை கோடியக்கரைப் பக்கம் ஒரு நிகழ்ச்சி. உப்பளத்து ஓரமாக வேன் போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னார். அவசரம் போல என்று நிறுத்தினோம். இறங்கிப் போய், காற்றில் அதிர்ந்துகொண்டிருந்த வேலிக் கம்பியில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் கையைக் காட்டுகிறார். எட்டுப் பேர் வெயிலில் வேனுக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் ஏன் அவரை வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்பீர்கள். திருவிடைமருதூரில் ஒரு கல்யாணம். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் பாட ஆரம்பித்ததும் அதைக் கேட்டுவிட்டு, பாட்டு நடக்கும்போதே வலது கையால் வாசித்துக்கொண்டு இடது கையால் அந்தத் திருகுகளை மாற்றிக்கொண்டே போனார். என் குரலில் எங்கெல்லாம் ஓட்டை விழுந்ததோ அங்கெல்லாம் அடியில் ஒரு சத்தம் வந்து தாங்கிற்று. களைத்து வந்தவளுக்கு யாரோ பாய் விரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. பெண் வீட்டார் என் குரல் அன்றைக்குத் தேன் என்றார்கள். அவரிடம் நன்றி சொல்லப் போனேன். "சரணத்துல கொஞ்சம் இடறிடுச்சு. நீ இல்ல, நான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சொல்ல வந்தது வேறு கதை.

என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே. அங்கே என் தாய்மாமா கலியமூர்த்தியும் இன்னும் நாலு பேரும் மாரியம்மன் கோயிலுக்குத் தப்பு அடிப்பவர்கள். தோல் கட்டிய வட்டப் பறையை எங்கள் பக்கம் தப்பு என்போம். திருவிழாவுக்கு அடிப்பதற்காக அந்தக் குடும்பங்களுக்குக் கோயில் நிலத்தில் கொஞ்சம் மானியமாக இருந்தது. தாத்தா காலத்தில் அவர்கள் பண்ணையாட்கள். சொந்தம் என்று சொல்லி ஏர் வைத்த நிலம் இது ஒன்றுதான். அடிக்கிறவரைக்கும் உழுதுகொள்ளலாம் என்பது ஏற்பாடு. தப்பும் நிலமும் ஒன்றோடொன்று கட்டியது.

அந்தக் கோயிலின் தர்மகர்த்தா எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளருக்குச் சொந்தக்காரராகிவிடுவார். இறால் பண்ணை போடுகிறவர்கள் அந்தப் பக்கத்து வயல்களை வளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மானிய நிலத்தையும் அவர்களுக்குக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டார். உப்புத் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த மண்ணில் பிறகு நெல் முளைக்காது. மாமாவும் மற்றவர்களும் கூடி, நிலத்தை விட்டுத் தருகிறவரை கோயிலுக்குத் தப்பு அடிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் தப்பு அடிக்கிற அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். அடிப்பதற்கும் ஆள் இல்லை, பதிவு செய்து கேசட்டில் போடுவதற்கும் ஆள் இல்லை.

அவர்கள் ஊழியத்தை நிறுத்திவிட்டார்கள், ஆகவே மானியத்தை ரத்து செய்யலாம் என்று தர்மகர்த்தா மனு கொடுத்தார். தாசில்தார், திருவிழாவன்று நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்றார். அவர்கள் இல்லாமலே கரக ஊர்வலம் நடந்துவிட்டால் மனு ஜெயித்துவிடும்.

தர்மகர்த்தா நேராக செல்வராசு அண்ணன் வீட்டுக்கு வந்தார். நானும் பாயும் ஒத்திகைக்காக அங்கே இருந்தோம். என் அம்மா எந்தத் தெருக்காரி என்பது தர்மகர்த்தாவுக்குத் தெரியாது.

"நம்ம பாய்தான் என்ன சத்தம் வேணும்னாலும் பண்ணுவாராமே? தப்புச் சத்தம் பண்ண முடியுமா? டிராக்டர்ல கருவியை வச்சுக்கிட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, கரகத்துக்குப் பின்னாடியே வந்தாப் போதும்."

பாயின் முகத்தைப் பார்த்தேன். பழத்தைப் பார்த்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. "தப்பா?" என்றார். "கஷ்டமாச்சே!" அவர் கஷ்டம் என்று சொன்னால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

தர்மகர்த்தா போனதும் நான் வெடித்துவிட்டேன். "பாய், அது எங்க மாமா நிலம்."

"நான் என்ன நிலத்தையா எடுக்குறேன்? சத்தம்தானே செய்யறேன்."

"அந்தச் சத்தம் வந்துட்டா நிலம் போயிடும் பாய்."

"வந்தாத்தானே? சும்மா வந்துடுமா அது? சரி, இதைச் சொல்லு. தப்புக்கு ரெண்டு குச்சி இருக்குல்ல, ஒண்ணு ஒல்லியா நீளமா இருக்குமே, அது தோல்ல எந்த இடத்துல படும்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உனக்குத் தெரியாதா? சரி, மாமாகிட்டயே கேட்டுக்குவோம். எப்பப் போகலாம்?"

இப்படி ஒரு மனுஷனிடம் என்ன பேசுவது? செல்வராசு அண்ணனைப் பார்த்தேன். அவர் கிதார்க் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் புடிக்கலம்மா. ஆனா அந்தாளைப் பகைச்சுக்கிட்டா இந்தப் பக்கத்துல ஒரு கோயில் மேடை ஏற முடியாது" என்றார்.

நான் கூட்டிப்போகாவிட்டால் பாய் தானாகவே போய்விடுவார், போய் அடி வாங்குவார் என்பதால் நானே கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா வீட்டு வாசலில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி. பாய் போய் நின்று, வணக்கம் சொல்லி, ஒரு வார்த்தையைக்கூட மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தர்மகர்த்தா கேட்டது, டிராக்டர், குழாய் ஸ்பீக்கர், எல்லாம். "அதான், சரியாச் செய்யணும்னா நீங்க அடிக்கறதைக் கிட்ட உக்காந்து கேக்கணும்" என்று முடித்தார்.

ஒருத்தர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "எங்க கழுத்தை அறுக்கறதுக்கு எங்ககிட்டயே கத்தி கேட்டு வந்திருக்கியா?" மாமா கையைப் பிடித்து அவரை உட்கார வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் மண்ணுக்குள் போயிருக்கலாம்.

பாய்க்கு இது எதுவும் எட்டவில்லை. மாமாவைப் பார்த்துக் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஓங்கி ஒரு அடி விழுந்தப்புறம், மத்த தோலுன்னா சத்தம் இறங்கும். இதுல உள்ளே ஏதோ ஒண்ணு மேலே ஏறுது. ரொம்பக் கொஞ்சம். அது தோலா, கட்டையா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை எங்க கேட்டீங்க?" என்றார்.

"பஸ்ல போறப்ப. ஒரு சாவு ஊர்வலம் ஓரமா நின்னுச்சு. அப்ப இருந்து மனசுல இருக்கு."

"எங்கப்பா அதைச் சொல்லுவாரு. நான் சொன்னா இவனுங்களே நம்ப மாட்டானுங்க" என்று மாமா எழுந்து உள்ளே போய்த் தப்பை எடுத்துவந்தார்.

மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். காய்ந்த தோலுக்கு ஒரு சத்தம், ஆறும்போது ஒரு சத்தம், ஐந்து பேரும் சேரும்போது இன்னொன்று. பாய் ஒவ்வொரு அடிக்கும் நோட்டில் என்னவோ கிறுக்கினார். துண்டை உதறியவரே கடைசியில், "இந்த எடத்துல காதை வச்சுக் கேளுங்க" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மாமா சொன்னார்: "செஞ்சு பாருங்க பாய். வந்துட்டா வாசிங்க, நாங்க எதுவும் சொல்ல மாட்டோம். வரலேன்னா, வரலேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடணும். அது ஒண்ணுதான்."

"அதுல என்ன இருக்கு? வரலேன்னா வரலேன்னுதானே சொல்லுவேன்" என்றார் பாய், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அவரை முன்னால் நடக்கவிட்டு, மாமாவிடம் சண்டை போட்டேன். "ஏன் மாமா எல்லாத்தையும் காட்டிக் குடுத்தீங்க?"

"அந்தாளு காதைப் பார்த்தியா நீ?" என்றார் மாமா.

காதைப் பார்த்து நான் என்ன செய்ய? அடுத்த இரண்டு வாரமும் பாய் ஒத்திகைக்கு வரவில்லை. லாத்தா ஆள் அனுப்பினார், வந்து இந்த மனுஷனைச் சாப்பிடச் சொல்லு என்று. போனேன். அறை முழுக்கக் காகிதம். என்னைப் பார்த்ததும் ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினார். விரலால் நாலு கட்டையைத் தட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது மாமா. குச்சி தோலில் படுகிற சுரீர், அடியில் கட்டையின் கனம், அதற்குள்ளே அந்த ஏறுகிற சத்தம்கூட. கண்ணை மூடினால் மாமா வீட்டு வாசல். நான் ஹெட்போனைக் கழற்றினேன். கண்ணில் தண்ணீர்.

"வந்துடுச்சு பாய்" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான். திரும்பி உட்கார்ந்து மறுபடி திருகைத் திருப்ப ஆரம்பித்தார். தட்டில் சோறு காய்ந்துபோய் இருந்தது. அதற்கப்புறம் எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

திருவிழாவன்று காலை வாய்க்கால் கரையில் கரகம் ஜோடித்து வைத்திருந்தார்கள். நாலைந்து போலீஸ்காரர்கள். ஆலமர நிழலில் நாற்காலி போட்டு தாசில்தார். டிராக்டர் டிரெய்லரில் கருவியும் ஜெனரேட்டரும் நாங்களும். கரையின் அந்தக் கோடியில் மாமாவும் மற்றவர்களும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடிக்காமல் நின்றார்கள்.

தர்மகர்த்தா மைக்கைப் பிடித்து, காலம் மாறிவிட்டது, விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, இனி அம்மனுக்கு யார் தயவும் தேவையில்லை என்று பேசினார். பிறகு பாயைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக பாய் ஒரு நிமிஷம் கேட்கவில்லை. உடனே வாசித்தார்.

குழாய் ஸ்பீக்கரிலிருந்து தப்பு எழும்பியது. கூட்டம் ஒரு கணம் மாமாவின் பக்கம் திரும்பிப் பார்த்தது, அவர்தான் அடிக்கிறாரோ என்று. கரகம் சுமந்திருந்த பூசாரியின் தோள் அசைந்தது. பூக்கள் ஆடத் தொடங்கின. ஒரு பெண் குலவை போட்டாள். தாசில்தார் மடியில் இருந்த காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். தர்மகர்த்தாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மாமாவைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் கையை எடுத்தார். சத்தம் நின்றது. பூசாரி ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

"வரலை" என்றார் பாய், மைக்கில்.

"என்ன பாய், நல்லாத்தானே இருக்கு? வாசிங்க, வாசிங்க!" தர்மகர்த்தா டிராக்டர் பக்கம் ஓடிவந்தார்.

"உங்களுக்கு நல்லா இருக்குங்க. ஆனா இது தப்பு இல்லை. தப்பு மாதிரி இருக்கிற ஒண்ணு."

"மாதிரி இருந்தாப் போதும்யா!"

"அது எப்படிங்க போதும்?" பாய்க்கு உண்மையிலேயே புரியவில்லை. தாசில்தார் எழுந்து வந்துவிட்டார். என்ன வித்தியாசம் என்று தெரியாத்தனமாகக் கேட்டும்விட்டார்.

கேட்கலாமா அதை? நண்பகல் வெயிலில், கரகம் தலையில் நிற்க, போலீஸ்காரர்கள் நிற்க, முழு ஊரும் நிற்க, பாய் மைக்கில் விளக்க ஆரம்பித்தார். சத்தத்துக்கு நாலு காலம் என்று தொடங்கினார். தோலின் சூடு ஒவ்வொரு அடிக்கும் குறைகிறது, அதனால் ஒரு அடி மாதிரி இன்னொரு அடி இருக்காது, இந்தக் கருவிக்குச் சூடு தெரியாது, நூறு அடியும் ஒரே அடிதான். ஐந்து பேர் அடிக்கும்போது ஒருத்தர் கையை இன்னொருத்தர் கேட்டுத் தன் கையை மாற்றுகிறார், அதைச் செய்ய ஐந்து காது வேண்டும், கருவிக்கு ஒன்றும் கிடையாது. "காலையில வாசிச்சுப் பாத்தப்ப மூணாவது அடி கொஞ்சம் வந்த மாதிரி இருந்துச்சுங்க. அப்புறம் போயிடுச்சு." நடுநடுவே வாசித்தும் காட்டினார், எது தவறு என்று. அவர் சுட்டிக்காட்டிய பிறகு எங்களுக்கும் அது தகரம் மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. குலவை போட்ட பெண்ணே வாயை மூடிக்கொண்டாள். பூசாரி கரகத்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, "இதுக்கு அம்மா வர மாட்டா" என்றார்.

செல்வராசு அண்ணன் டிரெய்லரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தாசில்தார் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். வாசிப்பவரே இது தப்பு ஒலி அல்ல என்று தெரிவித்துவிட்டார், எனவே ஊழியத்துக்கு மாற்று இல்லை, விசாரணை முடியும்வரை நிலத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தர்மகர்த்தா பேனாவைப் பிடித்த பிடியில் காகிதம் கிழிந்தது. அந்த விசாரணை எத்தனையோ வருஷம் நடந்தது. நடந்தவரைக்கும் மாமா நட்டார், அறுத்தார்.

கையெழுத்து முடிந்ததும் மாமா வைக்கோலைக் கொளுத்தச் சொன்னார். தப்பு முழங்கிற்று, கரகம் கிளம்பிற்று. எங்கள் பாய் டிரெய்லரிலிருந்து குதித்து, ஜெனரேட்டரை ஓடவிட்டபடியே, தப்பு அடிக்கிற ஐந்து பேருக்கும் நடுவில் புகுந்து காதை நீட்டிக்கொண்டு நடந்தார். அவர்களுக்குக் குச்சி வீச இடமில்லை. இரண்டு தடவை அவர் முகத்துக்கு நேரே குச்சி வந்து மயிரிழையில் விலகிப் போனது.

வேனில் திரும்பி வந்தோம். அந்த வட்டாரத்துக் கோயில் மேடைகள் எங்களுக்கு அன்றோடு சரி, குழு அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை. வழியில் நான் கேட்டேன். "பாய், அன்னிக்கு ஹெட்போன்ல வந்துச்சே. நான் கேட்டேனே."

"வந்துச்சா?" என்றார் கோபமாக. "இத்தனை வருஷமாப் பாடற, காது எங்கே வச்சிருக்க நீ? அது ஒரு அடிக்குத்தான் வந்துச்சு."

"எப்படியோ, மாமாவுக்கு நிலம் நின்னுச்சு பாய்."

"ஆமாமா, அதுவும் நல்லதுதான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா வரலையே" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அறுவடை முடிந்து மாமா நாகூருக்கு வந்தார். பாய்க்குக் கொடுக்க என்று தானே கட்டின ஒரு புதுத் தப்பு. நானும் கூடப்போனேன். லாத்தாவுக்கு ஒரே சந்தோஷம், பிரியாணி ஆக்கினார். பாய் தப்பைக் கையில் வாங்கி, விரலால் வருடி, கட்டையைத் தட்டி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மாமாவிடமே நீட்டினார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்னங்க இது, வீடு தேடி வந்தவங்ககிட்ட!" லாத்தா கத்தினார்.

"அசலு வீட்டுல இருந்தா நான் செய்யறது எல்லாம் தினமும் பொய்யாத் தெரியும். எனக்கு வேண்டாம்."

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மாமா என்ன நினைப்பார்? மாமா கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரிங்க பாய்" என்று வாங்கிக்கொண்டார். பஸ் ஏறும்வரை பாயைத் திட்டிக்கொண்டே வந்தேன். நன்றி தெரியாத மனுஷன், மரியாதை தெரியாத மனுஷன், நீங்க ஏன் மாமா வந்தீங்க. மாமா மடியில் தப்பை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் விசில் கொடுத்தபோது தெருவிலிருந்து யாரோ கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. பாய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல். மனசு மாறிவிட்டது போலிருக்கிறது, வாங்கிக்கொள்ள வருகிறார் என்று எனக்கு லேசாகிவிட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில் அறைந்து நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"மாமா, ஒரே ஒரு அடி அடிங்க."

"இங்கேயா?"

"இங்கேதான். ஓங்கி."

மாமா ஜன்னல் வழியாகத் தப்பை வெளியே நீட்டிப் பிடித்து ஓங்கி ஒரு அடி அடித்தார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் முழுசாக அடங்கிப்போகும்வரை நின்றார். பிறகு எங்களைப் பார்க்காமல் திரும்பி வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

"யாரும்மா அந்த ஆளு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கண்டக்டர் எரிச்சலோடு கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.

"எங்க சொந்தக்காரர்" என்றார் மாமா.